விதைமுதல்

பரளச்சியில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் மாலை நான் ஒரு வாதத்தில் தோற்றுப்போனேன். எதிரே உட்கார்ந்து வாதாடியவன் இருபத்து மூன்று வயதுப் பையன்; தங்கையின் மகன். வென்ற வாதத்தை மனிதன் மறுநாளே மறந்துவிடுகிறான். தோற்ற வாதம் மட்டும் செருப்பில் புகுந்த முள்ளைப் போல நெடுந்தூரம் கூடவே வருகிறது. அந்த முள்ளை எடுத்துப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

அது 2024-ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். அருப்புக்கோட்டையில் பேருந்து மாறிப் பரளச்சிக்குப் போகிற வழி நெடுகிலும் கரிசல் காடு உழுது, புழுதியாகக் கிடந்தது. மழை தொடங்கவில்லை. சில காடுகளில் விதைப்பு முடிந்திருந்தது, சிலவற்றில் நடந்துகொண்டிருந்தது. தங்கை வீட்டுக் காடு மட்டும் சும்மா கிடந்தது. காரணம் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

விதைக்கும் உரத்துக்கும் டிராக்டர் வாடகைக்குமாகத் தங்கையின் கணவர் பையனிடம் கொடுத்துவைத்திருந்த 16,000 ரூபாய் போய்விட்டது. திருட்டுப் போகவில்லை. பையன் கைபேசியில் சீட்டாடித் தோற்றுவிட்டான். நம் ஊர்த் திருவிழாக்களில் மறைவாக நடக்கும் மங்காத்தாவோ மூன்று சீட்டோ அல்ல. போக்கர் என்னும் ஆட்டம். அதிலும் போட்டி ஆட்டம். நுழைவுக் கட்டணம் கட்டி நூற்றுக்கணக்கான பேர் முகம் தெரியாமல் உட்காருகிறார்கள். கையிருப்பு தீர்ந்தவன் வெளியேறுகிறான். கடைசி வரை நிற்கிற சிலர் பரிசைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

தங்கை அழுது ஓய்ந்திருந்தாள். "நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லுண்ணே" என்றாள்.

புத்தி சொல்லத்தான் திண்ணைக்கு வந்தேன். ஆனால் அவனிடம் குனிந்த தலையோ கண்ணீரோ இல்லை. "மாமா, பணம் போனது தப்புதான். ஆனா நான் தப்பா ஆடலை" என்றான். இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்று அவன் விளக்க ஆரம்பித்தான்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, பிறர் பார்க்காமல். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு பிறகு வரும். அந்த ஐந்தும் வருவதற்கு முன்பே, கையிலுள்ள இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒதுங்கிவிடுவதா, பந்தயம் வைப்பதா, இருப்பதையெல்லாம் வைத்துவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். 52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். அவற்றில் ஆறே ஆறுதான் இரண்டும் ஏஸாக அமைபவை; அதாவது 221 முறைக்கு ஒரு முறை. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், நமக்குப் பிறகு பேச எத்தனை பேர் இருக்கிறார்கள், கையிருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து எந்தச் சீட்டுக்குத் துணியலாம் என்று கணக்கே இருக்கிறதாம். விளையாட்டுகளைப் பற்றிய கணிதத்துக்கு வழி வகுத்த ஜான் வான் நாய்மன், 1944-இல் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய நூலில் போக்கருக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். ஆகவே இதை மூடர்களின் ஆட்டம் என்று தள்ளிவிட முடியாது.

"கடைசி ஆட்டத்துல எனக்கு ரெண்டு ஏஸ் மாமா. எல்லாத்தையும் வச்சேன். எதிர்த்தாப்புல ஒருத்தன் ரெண்டு ராஜாவோட வந்தான். நூறு தடவ இப்படி வந்தா எம்பது தடவைக்கு மேல நான்தான் ஜெயிப்பேன். நடுவுல மூணாவது ராஜா வந்துருச்சு. முடிவு சரி, சீட்டுதான் சரியில்ல."

அவன் சொன்ன கணக்கு உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சமயத்தில் சட்டமும் அவன் பக்கமே இருந்தது. 1960-களிலேயே உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்லியிருந்தது. ரம்மியையும் போக்கரையும் இணையத்தில் பணம் வைத்து ஆடக்கூடாது என்று தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் அந்தப் பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. இரண்டும் திறமை ஆட்டங்கள் என்பதே காரணம். பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்தது. ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறப்பதாலோ மூடுவதாலோ, அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவனின் மனச்சாட்சிக்குப் பதில் கிடைத்துவிடுவதில்லை.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவன் அடுத்த அம்பை எடுத்தான். "தாத்தா மழைக்கு முந்தியே விதைச்சாரா இல்லையா? அதுவும் சீட்டைப் பாக்காம வைக்கிற பந்தயம்தான மாமா?"

இந்த இடத்தில் வாசகருக்குக் கரிசல் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே ஆற்றுப் பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றே முதலாளி. அந்த மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் பசையாகிவிடும். காலை வைத்தால் இழுக்கும். கலப்பையோ டிராக்டரோ பல நாள் இறங்க முடியாது. இறங்க முடிகிற நாளுக்குள் அருமையான ஈரம் வீணாகிவிடும். ஆகவே செப்டம்பர் பின்பாதியில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். சுமார் இரண்டு அங்குல ஆழத்தில் விதை விழ வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு சிறு தூறலுக்கு முளைத்து, பிறகு காய்ந்து செத்துவிடும். ஆழத்தில் கிடப்பது நல்ல மழை வந்தால்தான் எழும்பும். விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வறட்சி தாங்கும்படி கடினப்படுத்தி இடச் சொல்வது வேளாண் ஆராய்ச்சியாளர்களின் யோசனை. மழை என்னும் சீட்டு விழுவதற்கு முன் செய்கிற தீர்மானம்தான் இது. சந்தேகமே இல்லை.

என் தகப்பனார் அப்படித்தான் விதைத்தார். எனக்குப் பதினாறு வயதிருக்கும். ஒரு வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் கனத்த மழை பெய்தது. காடு முழுவதும் பச்சை பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு சொட்டுக்கூட இல்லை. முளை அத்தனையும் கருகிப்போயிற்று. காத்திருந்து பிந்தி விதைத்த பக்கத்துக் காட்டுக்காரருக்கு மகசூல் கிடைத்தது. அன்று நாலு பேர் இருக்கும்போது, "உங்க அவசரத்தாலதான் எல்லாம் போச்சு" என்று தகப்பனாரைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறு வருஷம் அதே வாரத்தில் அதே போல விதைத்தார்.

அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். தன் வாழ்நாளில் எத்தனை முறை முந்தி விதைத்து வென்றோம், எத்தனை முறை தோற்றோம் என்ற கணக்கு அவரிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்து நஷ்டத்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடாது. நான்தான் விளைவைக் கொண்டு முடிவுக்குத் தீர்ப்பு எழுதினேன். அந்தத் தீர்ப்பை அவர் உயிரோடு இருக்கும்போது நான் திருத்திச் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே பையன் கேட்டது என் புண்ணில் விரல் வைத்த கேள்வி. தகப்பனாருக்கு இழைத்த அநியாயத்தை மருமகனுக்கும் இழைப்பதா? மூன்றாவது ராஜா வந்ததற்காக அவனைக் குற்றவாளி ஆக்கினால், அந்த ராஜா வராமல் இருந்திருந்தால் அவனை நிரபராதி என்று சொல்ல வேண்டி வருமே!

"தாத்தா தோத்தா யாரும் ஜெயிக்கலை, தாத்தா ஜெயிச்சா யாரும் தோக்கலை. உன் ஆட்டம் அப்படியா?" என்று கேட்டேன். நல்ல பதில் என்றே நினைத்தேன். விதை ஒன்று போட்டால் மண் பலவாகத் திருப்பித் தருகிறது. உலகத்தில் இல்லாத ஒரு தானியம் புதிதாக உண்டாகிறது. சீட்டு மேசையில் ஒன்றும் புதிதாக முளைப்பதில்லை. பத்துப் பேர் போட்ட பணம் இரண்டு பேருக்குப் போகிறது, அதுவும் மேசை போட்டவன் தன் கூலியை எடுத்துக்கொண்ட பிறகு.

அவன் சிரித்தான். "விதைக்கடை, உரக்கடை, கமிஷன் கடை, வட்டிக்கடை, எல்லாருமே நம்ம காட்டுல மேசை போட்டவங்கதான மாமா. நமக்கு விளைஞ்சாலும் விளையாட்டாலும் அவங்களுக்கு உண்டு."

அதோடு நிற்கவில்லை. போட்டி ஆட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறதாம். சும்மா உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். சீட்டு வருவதற்கு முன்பே முறை வைத்துக் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும்; சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவன் காத்திருந்தே கரைந்துபோவான். கையிருப்பு குறையக் குறைய, முன்னே தொடாத மோசமான சீட்டுக்கெல்லாம் துணிய வேண்டி வரும். "நம்ம ஊரும் அப்படித்தான மாமா? வட்டி ஏறுது, உரம் ஏறுது, கூலி ஏறுது. சும்மா இருந்தாலும் கரையுது. அதான் துணிஞ்சேன்" என்றான்.

பிறகு ஒன்று சொன்னான். அதுதான் என்னை வாய் அடைக்கச் செய்தது. "எங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நீங்க பேசினீங்களே, ஞாபகம் இருக்கா? மானாவாரி விவசாயம் மழையோட ஆடுற சூதாட்டம்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

ஞாபகம் இருந்தது. இந்திய விவசாயம் பருவமழையோடு ஆடும் சூதாட்டம் என்பது பிரிட்டிஷ்காரர் காலத்திலிருந்தே வழங்கிவரும் பழைய வாசகம். அலங்காரமாக இருக்கிறதே என்று நானும் எடுத்துப் பேசினேன். எழுதுகிறவனுக்கு உவமை ஓர் அலங்காரம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது ஒரு நியாயமாகிவிட்டது. வெயிலில் நின்று தகப்பன் செய்கிற வேலை சூது என்றால், நிழலில் உட்கார்ந்து மகன் செய்கிற சூது ஏன் வேலையாகாது?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒன்றைச் சூதென்று எது ஆக்குகிறது என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். தெரியாத ஒன்றை நம்பித் துணிவதுதான் சூது என்றால், பெண் கொடுப்பது, கடல் மேல் போவது, பிள்ளையைப் படிக்க அனுப்புவது எல்லாமே சூதுதான். நாளைய சீட்டைப் பார்த்துவிட்டு இன்று பந்தயம் வைத்தவன் இந்த உலகத்தில் எவனும் இல்லை. திறமை வேண்டியிருப்பதால் சூதல்ல என்பதும் நிற்கவில்லை. சகுனியைக் காட்டிலும் திறமைசாலி யார்?

மறுநாள் காலையில், அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்திலிருந்தே எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. வாசகர் பொறுமையோடு கேட்க வேண்டும். மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். மூவரிடமும் சமமான சில்லுகள். பரிசு 50, 30, 20 ரூபாய். ஆக ஒவ்வொருவர் இடத்துக்கும் இப்போது மதிப்பு 33 ரூபாய் 33 காசு. இருவர் எல்லாவற்றையும் வைத்து மோதுகிறார்கள். தோற்றவன் 20 ரூபாயோடு வெளியே போகிறான். அவனுக்கு நஷ்டம் 13 ரூபாய் 33 காசு. வென்றவனிடம் சில்லு இரட்டிப்பாகிறது. ஆனால் அவன் இடத்தின் மதிப்பு இரட்டிப்பதில்லை. 43 ரூபாய் 33 காசுதான் ஆகிறது. லாபம் 10 ரூபாய். மிச்சம் 3 ரூபாய் 33 காசு எங்கே போயிற்று? சீட்டைக் கையால் தொடாமல் சும்மா இருந்த மூன்றாமவனுக்கு!

இழந்தால் 13, வென்றால் 10. எல்லாவற்றையும் வைக்கிறபோது இழக்கும் ரூபாய், வெல்லும் ரூபாயைவிடக் கனமானது. ஆட்டக்காரர்களே தங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கண்டுபிடித்திருக்கும் உண்மை இது. என் தகப்பனார் கணிதம் படிக்கவில்லை. ஆனால் இது அவருக்குத் தெரிந்திருந்தது. காடு முழுவதும் ஒரே பயிர் போடமாட்டார். சோளத்தோடு பாசிப்பயறு, பருத்தியோடு உளுந்து என்று கலந்து போடுவார். எல்லாக் காட்டையும் ஒரே நாளில் விதைக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக் குலுக்கையின் அடியில் கொஞ்சம் விதையை மறுவிதைப்புக்கென்று மிச்சம் வைத்திருப்பார். கஞ்சிக்கு இல்லாத நாளிலும் அதில் கை வைக்க என் தாயாரை விட்டதில்லை. முளை கருகிய அந்த வருஷமும், நான் பழி சொன்ன அதே வாரத்தில், அந்த விதையை எடுத்துப் பாதிக் காட்டிலாவது மறுபடி போட்டார். பழி சொன்ன அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் மழையோடு சூதாடவில்லை. மழை சூதாடினாலும் தன் வீடு அதில் பந்தயமாகாதபடி பார்த்துக்கொண்டார்.

பையன் ஆட்டத்துக்குள் செய்த தீர்மானங்கள் எல்லாம் சரியாகவே இருக்கட்டும். இரண்டு ஏஸுக்கு எல்லாவற்றையும் வைத்தது சரிதான். ஆனால் அந்த இரண்டு சீட்டும் கைக்கு வருவதற்கு முன்பே அவன் ஒரு பந்தயம் வைத்துவிட்டான். விதைமுதலைக் கொண்டுபோய் அந்த மேசையில் உட்கார்ந்தானே, அதுதான் முதல் பந்தயம். அதற்கு அவன் கணக்குப் போடவில்லை. அந்தப் பணத்தில் அவன் தகப்பனின் வியர்வை இருக்கிறது. தாயின் அடுத்த வருஷத்துச் சோறு இருக்கிறது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களையும் மேசையில் உட்கார வைத்துவிட்டான். சபையில் திரௌபதி கேட்ட கேள்வி இதுவே அல்லவா? தர்மன் ஆடிய ஆட்டம் சரியா தப்பா என்று அவள் கேட்கவில்லை. முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என்றுதான் கேட்டாள். வைத்தது யாருடையது என்பதே கேள்வி. பெரியவர்கள் நிறைந்த சபையில் அன்று பதில் வரவில்லை.

துணிவதற்கு முன் மனிதன் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வைப்பது என்னுடையதுதானா? இது போனால் மறுபடி விதைக்க என்னிடம் மிச்சம் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால், தோற்றாலும் அவன் குற்றவாளியல்ல. இரண்டுக்கும் இல்லை என்றால், வென்றாலும் அவன் தப்பியவனே தவிர நியாயவான் அல்ல. பணம் வைத்தாடும் மேசைகள் எல்லாம் இந்த இரண்டு கேள்வியையும் மறக்கடிப்பதற்காகவே அமைந்திருக்கின்றன. காட்டைச் சுற்றி மேசை போட்டிருப்பவர்களைப் பற்றி அவன் சொன்னதும் பொய்யல்ல. ஏறுகிற வட்டி ஒருவனை மோசமான சீட்டுக்குத் துணியவைக்கிறது என்றால், அந்தப் பாவத்தில் வட்டி வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு. சூதாட்டம் என்று அழகாகப் பேசிக் கைதட்டல் வாங்கியவனுக்கும் கொஞ்சம் உண்டு.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். மறுக்கவில்லை. பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேருந்து வந்து நின்றபோது மெல்லக் கேட்டான்: "மாமா, ஒண்ணு கேக்கட்டா? அந்த மூணாவது ராஜா வராம நான் ஜெயிச்சிருந்தா, இதெல்லாம் சொல்லியிருப்பீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வென்றிருந்தால் அவன் 16,000 ரூபாயையும் அதற்கு மேலும் கொண்டுவந்து வைத்திருப்பான். தங்கை எனக்குச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டாள். நான் ஒரு வேளை, "கெட்டிக்காரப் பிள்ளை" என்று நாலு பேரிடம் பெருமையும் பேசியிருப்பேன். வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும்போது தோல்வியைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. வெற்றியைப் பற்றித்தான் முதலில் எச்சரிக்கிறார். ஏன் என்று அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. தோற்றவனுக்குப் புத்தி சொல்ல ஊரே வரும். வென்றவனுக்குச் சொல்ல யார் வருவார்கள்?

தங்கை தன் காதில் கிடந்ததை அடகு வைத்து, இரண்டு வாரம் பிந்தி அந்த வருஷம் விதைத்தார்கள். விளைந்ததா என்று வாசகர் கேட்கக்கூடும். அதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், அந்த விளைச்சலைக் கொண்டே யார் செய்தது சரி என்று நாம் எல்லாரும் தீர்ப்பு எழுதிவிடுவோம். அப்படி ஒரு தீர்ப்பை ஏற்கெனவே ஒரு முறை எழுதியவன் நான். ஒன்று மட்டும் சொல்லலாம். அடுத்த முறை நான் போனபோது, தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் பழைய குலுக்கையைச் சுத்தம் பண்ணி, அதன் அடியில் ஒரு மரக்கால் உளுந்து விதையைச் சாம்பல் கலந்து போட்டுவைத்திருந்தார்கள். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.